ஏசியில் வந்த பூஜை வாசனை

பிள்ளைகளா, நம் காரில் ஏசி போடும்போதெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பது எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். கண்ணாடியில் தெரிகிறது. பெரியவள் அன்று கூடவே இருந்தாள். சின்னவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் அம்மா சொன்னது. அவள் என் வேர்வையை ஜாஸ்தியாகவும் என் உழைப்பைக் கம்மியாகவும் சொல்லியிருப்பாள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

பெரியவளுக்கு ஏழாம் மாதம். காஞ்சிபுரத்தில் மாமியார் வீட்டில் வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்கு நாம் அவளை வேங்கிக்காலுக்கு அழைத்து வர வேண்டும். சித்திரை வெயில். சம்பந்தி போன் செய்தார்.

"எங்க வண்டியிலயே கொண்டாந்து விட்டுடறோம் சம்பந்தி. புது வண்டி, ஏசி நல்லா இருக்கும். புள்ளத்தாச்சிப் பொண்ணு பாருங்க."

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று இருந்தது. "எம் பொண்ண எங்க வண்டியில கூட்டினு வர்றதுதாங்க முறை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, எங்கள் வண்டியில் ஒரு மாதமாக ஏசியே சரியில்லை.

கோளாறு இதுதான். ஏசிக் காற்றைக் கூட்டுகிற திருகை நான்கில் வைத்தால் உள்ளே ரைஸ் மில் ஓடுகிற சத்தம் வரும். காற்றோ, கஞ்சியை ஆற்ற யாரோ அடுத்த வீட்டிலிருந்து ஊதுகிற மாதிரி வரும்.

நான் கீழ்பென்னாத்தூரில் பெயிண்ட் கடை வைத்திருப்பவன். கடையில் டப்பாவைக் குலுக்கிக் கலர் கலக்கும் மெஷின் ஒன்று உண்டு. ஒருமுறை அது நின்றுபோனது. ஓங்கி ஒரு தட்டு தட்டினேன், ஓடியது. அன்றிலிருந்து மெஷின் என்றால் எனக்குத் தெரியும் என்று ஓர் எண்ணம். பத்தாவதில் அறிவியலில்தான் எனக்கு மார்க் கம்மி என்பது இந்தச் சமயத்தில் ஞாபகம் வரவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் போனில் வீடியோ பார்த்தேன்.

"ஏசியில கேஸ் லீக் ஆயிடுச்சு" என்று வீட்டில் அறிவித்தேன்.

"நேத்து கம்ப்ரெசர் போயிடுச்சுன்னீங்க?" என்றாள் அம்மா.

"அது நேத்து பாத்த வீடியோ."

பைபாஸ் ரோட்டில் இருக்கும் ஏசி மெக்கானிக்கிடம் போனேன். அவர் மீட்டரை மாட்டினார். நான் பக்கத்தில் நின்று கேஸ் எங்கே லீக் ஆகிறது என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பாவம், முழுவதும் கேட்டார்.

"அண்ணா, கேஸ் கரெக்டா இருக்கு. கம்ப்ரெசர் ஓடுது. இந்த பைப்பத் தொட்டுப் பாருங்க, ஜில்லுனு இருக்கு. கோளாறு வேற எங்கியோ. கழட்டித்தான் பாக்கணும், வண்டிய வுட்டுட்டுப் போங்க."

"எப்ப கிடைக்கும்?"

வரிசையாக நின்ற கார்களைக் காட்டினார். "வெள்ளிக்கிழமைக்கு மேல ஆயிடும்."

வளைகாப்பே வெள்ளிக்கிழமை. "அப்ப நானே பாத்துக்கறேன்" என்றேன்.

"நீங்களும் மெக்கானிக்காண்ணா?"

"பெயிண்ட் கடை."

"அப்ப சரி. ஏசி ஓடலன்னா கலராவது மாத்திடுவீங்க."

வண்டியின் முகத்தில் சல்லடை மாதிரி ஒன்று இருக்கிறது, அதில் தூசி அடைந்தால் குளிராது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். மறுநாள் வாசலில் மோட்டார் போட்டு, டியூபால் பீய்ச்சி அடித்தேன். பாதித் தண்ணீர் திரும்பி என் மேலேயே அடித்தது. அன்று குளிர்ந்தது நான் ஒருவன்தான்.

வெள்ளிக்கிழமை கிளம்பினோம். பின் சீட்டில் அம்மாவும் சித்தியும், மடியில் புளிசாதமும் தயிர்சாதமும். வந்தவாசி தாண்டியும் ஏசி திருந்துவதாக இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு அனல்காற்றிலேயே போனோம். சம்பந்தி வீட்டுத் தெரு வந்ததும் சொன்னேன்: "கண்ணாடிய ஏத்துங்க."

"எதுக்கு?" என்றாள் அம்மா.

"சம்பந்தி வாசல்ல நிப்பாரு. எறக்கி இருந்தா ஏசி இல்லன்னு தெரிஞ்சிடும்."

"நாங்க வெந்துட்டா இன்னும் நல்லாத் தெரியும் மாமா" என்றாள் சித்தி.

ஏற்றினார்கள். அந்தத் தெருவில் அன்றைக்கென்று ஒரு தண்ணீர் லாரி வழிமறித்து நின்றது. அது நகர்ந்து, நாங்கள் வாசலில் போய் இறங்கியபோது என் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சம்பந்தி வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, ஊர்ல மழையா?"

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. பைகளை எல்லாம் நம் வண்டியில் ஏற்றினேன். சம்பந்தி கையில் தன் கார் சாவியோடு வந்து நின்றார். நான் பெரியவளை அவசரமாக முன் சீட்டில் உட்கார வைத்து ஏசியை நான்கில் போட்டேன். ரைஸ் மில் ஓடியது.

பெரியவள் மூக்கை உறிஞ்சினாள். "என்னப்பா இது, ஏசியில பூஜை ரூம் வாசனை வருது?"

"நம்ம வண்டிம்மா. அப்படித்தான் வரும்" என்றேன், பெருமையாக.

அவள் முன்னால் இருந்த பெட்டியைத் திறந்து, உள்ளிருந்ததை மடியில் போட்டு, இரண்டு பக்கமும் அழுத்தினாள். பெட்டி கீழே தொங்கியது. மாப்பிள்ளை தன் வண்டியில் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறாளாம். பின்னால் கைவிட்டு ஒரு பலகையை உருவினாள். காற்றை வடிகட்டுகிற மடிப்புக் காகிதம் அது. காகிதமே தெரியவில்லை. காய்ந்த சாமந்தி, நார் நாராய் மல்லிகைச் சரம், வில்வ இலை, நடுவில் கட்டி கட்டியாக விபூதி குங்குமம்.

எல்லாம் என் கைங்கரியம். வெள்ளிக்கிழமைதோறும் கோயில் வாசலில் பூ வாங்கி, சாமிக்குக் காட்டி, விபூதி குங்குமத்தோடு முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பரில் செருகிவைப்பேன். அங்கே சந்து சந்தாக இருக்கும் இடம்தான் ஏசிக்குக் காற்று போகிற வழி என்று எனக்கு எப்படித் தெரியும்? சாமி பூவைத் தெருவில் எறியக் கூடாதென்று எடுக்கவும் மாட்டேன். அடுத்த வெள்ளி பார்த்தால் பூ இருக்காது. சாமி எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன். எடுத்துக்கொண்டது ஏசி.

சம்பந்தியம்மா கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். சரி, மானம் போயிற்று என்று நின்றேன். அவரோ ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அண்ணாமலையார் பூவாண்ணா?"

"ஆமாம்மா."

"அதான். உங்க வண்டிய வுட்டு எறங்க மனசில்லாம உள்ளயே உக்காந்துட்டாரு."

முதலில் சிரித்தது சம்பந்திதான். சிரித்துக்கொண்டே சாவியைச் சட்டைப்பையில் போட்டார். மாப்பிள்ளை பலகையைத் துளசி மாடத்தில் தட்டிச் சுத்தம் செய்து மாட்டினார். ஏசியைப் போட்டதும் காற்று குபுக்கென்று வந்தது. குழாயில் மிச்சமிருந்த விபூதியும் கூடவே வந்தது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேர் முகத்திலும் பிரசாதம்.

திரும்பும் வழியெல்லாம் திருகு நான்கிலேயே இருந்தது. ஊருக்கு ஊர், "எப்பிடி?" என்று கேட்டுக்கொண்டு வந்தேன். ஏதோ நானே பழுது பார்த்த மாதிரி. சேத்துப்பட்டு பக்கம் பெரியவள், "அப்பா, கொஞ்சம் கம்மி பண்ணேன்" என்றாள்.

"இருக்கட்டும்மா. புள்ளை ஜில்லுனு தூங்கும்" என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. நானும் எப்பிடி என்று கேட்பதை நிறுத்தவில்லை.

வீட்டில் ஆரத்தி எடுத்து அவளை உள்ளே கூட்டிப் போனார்கள். வண்டியைப் பூட்ட நான் மட்டும் வந்தேன். முன் சீட்டில் பார்த்தால், அவள் பக்கம் ஏசிக் காற்று வருகிற இரண்டு சின்ன ஜன்னலும் இறுக மூடியிருந்தன. எந்த ஊரில் மூடினாளோ, தெரியவில்லை. அவள் சீட்டில் போய் உட்கார்ந்தேன். ஒன்றை மட்டும் பாதி திறந்து, முகத்தில் அடிக்காதபடி கதவுப் பக்கம் திருப்பினேன். திருகை நான்கிலிருந்து ஒன்றுக்குக் கொண்டுவந்தேன். பிறகு வண்டியைப் பூட்டினேன்.