இடது பக்கத்து முகம்

போன வாரம் கணபதி ஏரியாவில் முடிவெட்டப் போனேன். வெட்டி முடித்ததும் சலூன்காரர் கேட்காமலேயே ஒரு கிரீமை என் கன்னத்தில் தடவிவிட்டார். எலுமிச்சையும் புதினாவும் கலந்த குளிர் வாசம். ஆண்களுக்கென்று வருகிற கிரீம் எல்லாவற்றுக்கும் இதே வாசம்தான். துடைக்கச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அவருக்குக் காரணம் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் எட்டாவது வரைக்கும்தான். காந்திபுரத்துக்குப் பின்னால் ஓர் அச்சகத்தில் அட்டைப்பெட்டி டிசைன் செய்தேன். இங்கிலீஷ் எழுத்தைப் படம் பார்ப்பதுபோலப் பார்த்துத்தான் அடிப்பேன். தப்பு இருந்தாலும் பெட்டி ஓடும். யார் படிக்கிறார்கள்?

காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருந்த ஒருவர் பெண்களுக்கான முகக் கிரீமும் தயாரித்து விற்றுக்கொண்டிருந்தார். ரோஸ் பெட்டி. ஒருநாள், ஆண்களுக்கும் போடலாம் என்று வந்தார்.

"கிரீமு வேறயாங்க?"

"அதே டிரம்முதான் தம்பி. வாசத்த மட்டும் மாத்தியாச்சு. பொட்டிய நீ ஆம்பளையாக்கிக் குடு."

ஆக்கினேன். கறுப்பு அட்டை, வெள்ளிக் கோடு, ஒரு மின்னல். பூவையும் வளைவையும் எடுத்துவிட்டு எழுத்தைத் தடியாக்கிச் சாய்த்தேன். ஆம்பளை அவ்வளவுதான்.

பெட்டி மேல் ஒரு முகம் வேண்டும் என்றார். இடது பக்கம் கிரீம் போடுவதற்கு முன், வலது பக்கம் போட்ட பின். எங்கள் அட்டை வெட்டும் மெஷினில் சின்ராசு நின்றுகொண்டிருந்தான். என் வயசு. மூக்கும் முழியுமாக இருப்பான். வாசலில் நிறுத்தி ஒரே ஒரு படம் எடுத்தேன். அதையே இடதில் கறுக்கவைத்தேன், வலதில் வெளுக்கவைத்தேன். இரண்டும் அவன் நிறமில்லை.

"டேய், இடதுபக்கத்துல நிக்கறவன அடுப்புக்குள்ள இருந்து எடுத்தியா?" என்று சிரித்தான்.

கிரீம் நன்றாகப் போனது. சலூனுக்குச் சலூன் அந்தப் பெட்டி நின்றது.

அந்த ஆவணியில் சின்ராசுக்குக் கோபியில் பெண் பேசினார்கள். அவனுக்கும் பிடித்துவிட்டது. நாள் குறிக்கப் போன இடத்தில் பெண்ணின் மாமன் பெட்டியை எடுத்து வைத்தார்.

"ஏனுங்க மாப்ள, இது நீங்கதானுங்களே? கிரீம நிறுத்துனா மறுக்கா இந்த இடதுபக்கத்து ஆளாட்டவே ஆயிருவீங்களா?"

மரியாதையாகத்தான் கேட்டார். படம் பொய் என்று இவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. அச்சில் வந்துவிட்டதல்லவா.

மறுநாள் என்னிடம் வந்தான். "நீ வந்து ஒரு வார்த்த சொல்லுடா. கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு நீ சொன்னா நம்புவாங்க. அந்தப் புள்ளயும் நம்பும்."

வருகிறேன் என்றேன். மில்காரர் காதுக்கு அது போய்விட்டது.

"தாராளமாப் போய்ச் சொல்லிப்போட்டு வா தம்பி. நான் பொட்டிய வேற பக்கம் அடிச்சுக்கறேன்."

அச்சகத்தில் பாதி வேலை அவருடையது. ஞாயிற்றுக்கிழமை சின்ராசு பஸ் ஸ்டாண்டில் எனக்காக நின்றான். நான் போகவில்லை. போனையும் எடுக்கவில்லை.

அந்த இடம் முறிந்தது. பிறகு பார்த்த இடங்களிலும் யாராவது பெட்டியைப் பார்த்திருந்தார்கள். அவன் என்னைத் திட்டவில்லை. பெருந்துறையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான். அங்கே யாராவது படமெடுக்கப் போனைத் தூக்கினால் எழுந்து போய்விடுவானாம். கல்யாணம் ஆகவே இல்லை.

அச்சகத்தை மூடிவிட்டார்கள். அந்தக் கிரீமும் நின்றுபோனது. நான் பிளெக்ஸ் கடைக்கு வந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் முன்னால் லாரி மோதிச் சின்ராசு செத்துப்போனான். மூன்றாம் நாள் அவன் அம்மா என் கடைக்கு வந்தார். மாலை போடப் படம் இல்லை. ஆதார் படம் பெரிசாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது.

"உங்கிட்ட இருக்குமுன்னாங்க கண்ணு."

பழைய டிஸ்க்கில் பெட்டிப் படம் இருந்தது. வாசலில் எடுத்த படம் இல்லை. எடுத்ததன் மேலேயே வேலை செய்து சேவ் பண்ணுவது அப்போது என் வழக்கம்; அசல் அதோடு போய்விடும். இடது முகத்தைக் கொஞ்சம் வெளுக்கவைத்துக் காட்டினேன். அம்மா தலையாட்டவில்லை. வலதைக் கொஞ்சம் கறுக்கவைத்தேன்.

"இதுங்களாம்மா?"

"இன்னுங் கொஞ்சம். இல்ல கண்ணு, அது சாஸ்தி."

ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"எனக்கே பிடிபட மாட்டேங்குது கண்ணு. எந்த நெறத்துல இருந்தான்?"

எனக்கும் தெரியவில்லை. கறுப்பு வெள்ளையில் அடித்துக் கொடுத்தேன்.