வெள்ளையாக்கிய படம்

அன்னைக்கு வீட்டில் இருந்தது நான், என் மகள் தேவி, என் தம்பி, மூணு பேர்தான். காரைக்குடி ஸ்டூடியோவில் அவளை வெள்ளையாக்கிய படத்தை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். தேவியோ, தோழிகள் தங்கள் முகத்தை உள்ளபடியே படமெடுத்துப் போடும் வாட்ஸப் குழுவில் இருந்தாள். அதில் சேர்ந்த பிறகுதான் கண்ணாடி பார்த்து அழுவதை விட்டிருந்தாள். அங்கே போட்ட படத்தை மாப்பிள்ளை வீட்டுக்கும் அனுப்பிவிட்டாள்.

"கருத்த மூஞ்சியைக் காட்டவாடி இம்புட்டுச் செலவு?" என்று தம்பி அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். சம்பந்தம் போயிருமே என்ற பயத்தில் நானும் கரண்டியால் அடித்தேன். புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தது.

அவள் அப்படியே தன்னைப் படமெடுத்து என்னிடம் போனை நீட்டினாள். "இந்த ரத்தத்தையும் அழிச்சுத் தரச் சொல்லும்மா. அனுப்புவோம்."

ஊர் என்ன சொல்லுமோ என்றே நடுங்குகிறவள் நான். அன்னைக்குத்தான் என் கையைப் பார்த்து நடுங்கினேன். ஸ்டூடியோவுக்கு இன்னும் எண்ணூறு ரூபாய் பாக்கி.