யானைக் கொழுக்கட்டை

மகளின் முகத்துக்கு மனைவி பவுடர் பூசும்போதெல்லாம் எனக்குக் குமட்டும். அந்த வாசனை என்னை விருத்தாசலத்தில், பீங்கான் பொம்மை செய்யும் தகரக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். இன்று அங்கே கொட்டகை இல்லை, கல்யாண மண்டபத்துக்கு வரும் கார்கள் நிற்கின்றன.

அப்போது ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது என்பதால், பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் வரும் செல்வி அக்கா, தொழிலாளர் பிள்ளைகளான எங்களுக்கு அங்கேதான் சத்தான சமையல் சொல்லிக்கொடுப்பார். ஈரக் களிமண் நாற்றத்தோடு, வழவழத்துப்போன முளைப்பயறு நாற்றமும் சேர்ந்துகொள்ள, ஒரே சட்டிக் கேழ்வரகு மாவில் மூக்கொழுகும் பத்துப் பேர் கைவிட்டுப் பிசைவோம்.

"செஞ்சத நாமதான் தின்னணும், வீணாக்கக் கூடாது" என்பது அக்காவின் சட்டம்.

ஒருநாள் வெல்லம் கலந்த மாவை அவரவருக்குப் பிடித்த உருவத்தில் கொழுக்கட்டையாகச் செய்யச் சொல்லிவிட்டு, அவர் அடுப்பு மூட்டப் போனார். நாங்கள் யானை பொம்மை அச்சை எடுத்தோம். களிமண் ஒட்டாமலிருக்க அப்பாக்கள் அச்சில் பவுடர் தூவுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா, வீட்டிலிருந்து முகத்துக்குப் பூசும் பவுடரைக் கொண்டுவந்து தாராளமாகத் தூவினோம்.

வெந்த யானைகளை எல்லோரும் ஒன்றாகக் கடித்தோம். அக்காவின் வாய் பாதியில் நின்றது.

"என்னாத்தப் போட்டீங்க?"

"பவுடருதான்க்கா. இல்லன்னா அச்சுல ஒட்டிக்கும்ல."

"துப்புங்க! எல்லாரும் துப்புங்க!"

சட்டத்துக்குப் பயந்து நான் அதற்குள் ஒரு முழு யானையை விழுங்கியிருந்தேன்.

பவுடர் பூசி முடித்ததும் மகள் முத்தத்துக்குக் கன்னத்தை நீட்டுகிறாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிகிறேன்.