கூடை தூக்க வேண்டிய தோள்

நாற்பத்துமூன்று வயதில், சர்க்கரைக்கு மாத்திரை ஆரம்பித்த அதே மாதத்தில், பட்டம் விடக் கற்றுக்கொள்வதற்காக நான் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்கள் சொன்னால் இன்னும் கேவலமாகச் சொல்வார்கள்.

மொட்டை மாடியில் விடுகிற பட்டம் இல்லை இது. விரித்தால் ஒரு அறையை அடைக்கும். அதன் கயிறுகள் இடுப்பில் கட்டிய பட்டையில் வந்து மாட்டும். கால்களை ஒரு பலகையில் செருகிக்கொண்டு, காற்று இழுக்க இழுக்கக் கடல்மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கைட்போர்டிங் என்று பெயர். வளைகுடாவில் நான் வேலை பார்த்த துறைமுக ஊரில் வெள்ளிக்கிழமைகளில் இளவட்டங்கள் அதை விளையாடுவார்கள். கரையில் புத்தகத்தோடு உட்கார்ந்து பார்த்த எனக்கு அது மிகச் சுலபமாகத் தெரிந்தது. நிறையப் படிக்கிறவனுக்கு வருகிற வியாதி. எதையும் பக்கத்திலிருந்து பார்த்தாலே பாதி கற்றுக்கொண்டதாகத் தோன்றிவிடும்.

கற்றுக்கொடுத்தவன் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். காற்று திடீரென்று ஏறினால், பட்டத்தைத் திருப்பக் கையில் பிடித்திருக்கும் கம்பியை விட்டுவிடு. விட்டால் பட்டம் தொய்ந்துபோகும், இழுத்துப் பிடித்தால் இன்னும் மேலே தூக்கும். மூளைக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை. அந்தக் கை, நகரியிலிருந்து திருப்பதிக்குப் படிக்கப் போன காலமெல்லாம் பஸ் படிக்கட்டில் தொங்கிய கை. புத்தூரில் கூட்டம் ஏறிவிட்டால் அதற்குமேல் ஒரு காலுக்குத்தான் இடம். ஆபத்து என்றால் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடி என்பதுதான் அந்தக் கைக்குக் கிடைத்த ஒரே கல்வி. பாலிடெக்னிக் தந்த கல்வியைவிட அது ஆழமாகப் பதிந்திருந்தது. நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டோம் என்று அப்போது டெல்லியில் சொன்னார்கள். எங்களை வெளியே போகச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டு நாங்கள் போய்விட்டோம். கையும் கூடவே வந்தது.

அந்த மதியம் இன்னும் எனக்குக் கனவில் வரும். கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. தலைக்குமேல் பச்சைப் பிறையாகப் பட்டம். காற்று ஏறியது. கை இறுகியது. சத்தமே இல்லாமல் நான் எழுந்தேன். காலுக்குக் கீழே என் நிழல் சின்னதாகிக்கொண்டே போனது. பயமில்லை. யாரோ தூங்குகிற பிள்ளையை எடுத்துப்போய் வேறு இடத்தில் படுக்கவைப்பது போல இருந்தது. படுக்கவைத்த இடம் தண்ணீர்தான், ஆனால் அந்த உயரத்திலிருந்து விழுந்தால் தண்ணீர் சிமெண்டுத் தரை. வலது தோள் மூட்டைவிட்டு வெளியே வந்திருந்தது.

அங்கேயே ஒரு மருத்துவர் அதை உள்ளே தள்ளி, பல வாரம் ஓய்வு என்றார். வலி போனதும் ஓய்வும் போனது. மறுபடி கடல், மறுபடி தோள். அப்புறம் கடல் தேவைப்படவில்லை. சட்டைக்குள் கையை நுழைத்தால் நழுவும், சோம்பல் முறித்தால் நழுவும். கணுக்காலும் முதுகும் தங்கள் பங்கைத் தனியாகக் கேட்டன. ஒப்பந்தம் முடிந்து திருப்பதிக்கே குடும்பத்தோடு வந்து சேர்ந்தபோது, பெட்டிகளை இறக்கியது என் மனைவி. நான் வழிகாட்டினேன்.

வந்த வாரமே பங்காருபாளையத்திலிருந்து அக்கா வந்தாள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அமெரிக்காவில். தாலி கட்டிய கையோடு பெண்ணும் போய்விடுவாள். அக்காவைக் கொடுத்த அந்தப் பக்கத்தில் மணப்பெண்ணை மூங்கில் கூடையில் உட்காரவைத்து, கையில் அலங்கரித்த தேங்காயைக் கொடுத்து, தாய்மாமன்மார் மேடைக்குத் தூக்கி வருவார்கள். தெலுங்குக்காரர்கள் வழக்கம்தான், ஆனால் அங்கே தமிழ்க் குடும்பங்களும் விடுவதில்லை. கூடப்பிறந்த மாமன் நான் ஒருவன்தான். மீதி ஆள் சித்தப்பா மகனும் அவன் பிள்ளைகளும்.

அக்கா என் தோளைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"காது குத்தும்போது உன் மடி இல்ல. சடங்குக்கு சீர் மட்டும் வந்துச்சி, நீ வரல. அது அமெரிக்கா போய்ட்டா அப்புறம் எந்த விசேஷத்துக்குடா வருவ? கூடைக்காச்சும் கை குடு."

இரண்டு முறையும் எனக்கு லீவு கிடைக்கவில்லை என்பது உண்மை. அந்த உண்மையை அந்த இடத்தில் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

எலும்பு மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். முதலில் பயிற்சி செய்து பார்ப்போம், இனி முழுதாக நழுவினால் அறுவை சிகிச்சை. அறுவை என்றால் கல்யாணத்தன்று கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்காரலாம். என்னை மாடியில் இருந்த பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த டாக்டரம்மா சித்தூர்க்காரர், என்னிடம் தமிழிலும் மற்றவர்களிடம் தெலுங்கிலும் பேசுவார். எப்படி அடிபட்டது என்று கேட்டார். சொன்னேன். பக்கத்து மேஜைக்காரரிடம், சார் பட்டம் விட்டு விழுந்தாராம் என்று தெலுங்கில் சொன்னார். பக்கவாதத்துக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் எந்த மாடி என்று அக்கறையாக விசாரித்தார். கடல் என்றேன். தலையை ஆட்டினார். மாடியிலிருந்து கடலில் விழுந்ததாக எடுத்துக்கொண்டிருப்பார்.

"எலும்பு சரியாத்தான் இருக்குது சார். அத புடிச்சிக்கினு இருக்கற தசைதான் தளந்துபோச்சி. ஒவ்வொரு வாட்டி நழுவும்போதும் அடுத்த வாட்டிக்கு வழி போட்டுக் குடுக்குது."

அதற்கு மருந்து ஒரு ரப்பர் பட்டை. கதவுப்பிடியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு, மெதுவாக வெளியே இழுத்து, அதைவிட மெதுவாக உள்ளே விட வேண்டும். தோள்பட்டை எலும்பைப் பின்னால் சேர்த்துப் பிடித்து எண்ண வேண்டும். சுவரில் கையை ஊன்றித் தள்ள வேண்டும். வீரம் எதிலும் இல்லை. பட்டத்தைக் கட்டி ஆண்டவன் ரப்பரைக் கட்டி ஆள வேண்டியதாயிற்று. கடைசியில் வெந்நீர்ப் பையைத் தோளில் வைத்துப் படுக்கவைப்பார்கள். ஜன்னலில் திருமலை தெரியும். மின்விசிறியின் காற்றில் கண் சொருகும். மேகம் நகர்ந்தால் மலைதான் நகர்வது போல இருக்கும், அதன் கயிறு என் இடுப்பில் இருப்பது போலவும் இருக்கும். பையின் சூடு ஆறும்வரை நான் எங்கெங்கோ மிதந்துவிட்டு வருவேன்.

அப்படி மிதக்கும் ஒரு நாள், ராமேஸ்வரம் பக்கம் காற்று பிரமாதமாக இருக்கிறது, இரண்டு நாள் வந்துவிட்டுப் போ என்று பழைய கடல் நண்பன் ஒருவன் செய்தி அனுப்பினான். மறுபடி கடலுக்குப் போகவே முடியாதா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். போகலாம் என்றார். வலது கைக்கு இடது கையின் பலம் வந்தபின், சின்னப் பட்டத்தோடு, நிதானமான காற்றில், உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, களைப்பு வருமுன் கரையேறுகிறவனாக. அந்த மனிதனை எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன் போனால் திரும்பி இங்கே வரவேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

கடலுக்குப் போகவில்லை. மாந்தோப்புக்குப் போனேன். அதுதான் பெரிய தப்பு. அக்கா தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஒத்திகை பார்த்துவிடலாம் என்று எனக்கு யோசனை. கூடை நிறையக் காயைப் போட்டு, எதிர்ப்பக்கம் சித்தப்பா மகனை நிறுத்தி, மணப்பெண்ணைத் தூக்குகிற பாவனையில் மார்புக்கு மேலே தூக்கினேன். தோள் பாதி நழுவி, ஒரு முறை யோசித்து, தானாக உள்ளே போனது. காய்கள் வரப்புவரை உருண்டன. மரத்தடியில் உட்கார்ந்தேன். இலைகளுக்கு இடையில் வானம் துண்டு துண்டாக நீந்திக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்தேன், அக்கா முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காதே என்று. அக்கா குனிந்து காய் பொறுக்கினாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

டாக்டரம்மா கையை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். முழுதாக நழுவவில்லை, தப்பித்தீர்கள் என்றார். எப்படித் தூக்கினேன் என்று செய்துகாட்டச் சொன்னார். காட்டினேன்.

"இது கூடை தூக்கறதில்ல சார், கோப்பை தூக்கறது. ஜெயிச்சவங்க தூக்குவாங்க."

அதன்பின் ரப்பர் பட்டையோடு கூடைக்கும் பாடம் நடந்தது. கூடையின் வலப்பக்கம் நின்றால் பாரம் இடது கைக்குப் போகும். வலது கை விலாவை விட்டு விலகக் கூடாது, அடியைத் தாங்கினால் போதும். இடுப்பு உயரத்துக்கு மேல் வேண்டாம். முக்கியமாக, தூக்குமுன் மற்றவர்களிடம் சொல்லிவிட வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். சித்தப்பா மகனின் பிள்ளைகள் ரொம்ப மரியாதையாகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்படியென்றால் நீங்கள் பின்னால் வாருங்கள் பெரியப்பா என்றார்கள். கல்யாணம்வரை ஒரு நாளும் பட்டையை விடவில்லை. என் மனைவி சமையலறைக் கதவைத் திறக்குமுன் தட்டிவிட்டுத் திறக்கப் பழகிக்கொண்டாள்.

சித்தூரில் மண்டபம். விடியல் முகூர்த்தம். தனியாக ஒரு மூலையில் போய்த் தோளைச் சுழற்றிச் சூடாக்கிக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் என்னை நாதஸ்வரக் கோஷ்டி என்று நினைத்து, எப்போது ஆரம்பம் என்று கேட்டார். கூடை வந்தது. பட்டுப்புடவையும் தேங்காயுமாக அவள் குனிந்து உட்கார்ந்தாள். நான்கு பேரும் குனிந்தோம். பின்னால் வலது மூலை எனக்கு. தூக்கினோம். மேளம் எழுந்தது. சாம்பிராணிப் புகையில் விளக்குகள் தண்ணீருக்கடியில் எரிவது போல இருந்தன. நாற்காலிகள், முகங்கள், கேமரா வெளிச்சம் எல்லாம் இரண்டு பக்கமும் மெல்ல விலகி வழிவிட்டன. கூடை மிதந்தது. காது குத்திய குழந்தையும், சடங்குக்கு உட்கார்ந்த பெண்ணும், நான் பார்க்காத அத்தனை வருஷமும் அதற்குள் கண் மூடி உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றியது.

மேடைப்படி வந்தது. முன்னால் இருந்தவர்கள் ஏறியதும் கூடை சாய்ந்து பாரமெல்லாம் பின்னால் வந்தது. வலது தோளுக்குள் ஏதோ புரண்டது. முழங்கையை விலாவோடு அழுத்தினேன். மூச்சை விட்டேன். தோள் நின்றது. ஒரு படி, இன்னொரு படி, மேடை.

இறக்கிவைத்ததும் அக்கா யாரிடமோ பேசிக்கொண்டே என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். எனக்கு அது போதும். அன்று முழுக்கக் கையைக் கொஞ்சம் பார்வைக்குப் படும்படியாகவே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

சாயங்காலம் ரிசப்ஷனில் போட்டோவுக்காக மணப்பெண் பக்கத்தில் போய் நின்றேன். கூடைப் பேச்சை அவளாகவே எடுப்பாள் என்று காத்திருந்தேன். எடுத்தாள்.

"மாமா, காலைல கூடைல தூக்கினு வரும்போது எங்க போய்ட்டீங்க? தலைய தூக்கி முன்னாடி ஒரு வாட்டி தேடிப் பாத்தேன். சரி, டிபனுக்குப் போயிருப்பீங்கன்னு நெனச்சிக்கினேன்."