டிரங்க் காலில் வந்த முக்கோணம்

ஒரு முக்கோணக் கணக்குக்கு விடை கேட்பதற்காக என் அப்பா பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டார். அப்பா கணக்கு வாத்தியார். எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் அவரிடம் முக்கோணம் படிக்காதவர்கள் என்று தேடினால் ஆடு மாடுகளைத்தான் காட்ட வேண்டும். சொந்த மகள் அவரிடமே படித்தால் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிடுவார் என்று அம்மா என்னை மட்டும் சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் சேர்த்திருந்தார்.

பெங்களூரில் இருந்தது என் அண்ணன். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது கக்குவான் வந்து பிழைக்க மாட்டான் என்று ஆகிவிட்டதாம். பிழைத்தால் சாமியாராகக் கொடுத்துவிடுகிறேன் என்று அப்பா மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டார். கோழியை நேர்ந்துவிட்டவர்களுக்குப் பிரச்சினை இல்லை, கோழி எதிர்த்துப் பேசாது. அண்ணனும் வெகுநாள் பேசவில்லை. பள்ளி முடித்துக் குருமடத்துக்குப் போனான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஊரே அவனைச் ‘சின்ன சாமி’ என்றது. அங்கி போடுவதற்குக் கொஞ்ச காலம் இருக்கும்போது, எனக்கு இது ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான். வீட்டுக்கு வந்தவனை அப்பா வாசலில் வைத்தே, கடவுளுக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கி வைக்க இந்த வீட்டில் இடமில்லை என்று அனுப்பிவிட்டார். அதன் பிறகு அண்ணன் பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் வரவில்லை. இரவு செபமாலையில் அவனுக்காகச் சொல்லும் ஒரு அருள் நிறைந்த மந்திரத்தை அம்மா உதடு அசையாமல் சொல்லிக்கொண்டார்.

கணக்கு இதுதான். ஓர் இருசமபக்க முக்கோணத்தின் உச்சிக் கோணம் நாற்பது பாகை, மற்ற இரண்டு கோணங்கள் என்ன? நான் நோட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு, இது புதுப் பாடத்திட்டம், எனக்குப் பிடிபடவில்லை என்றார். சற்று நேரம் கழித்து, அடுப்படியைப் பார்த்தபடி சொன்னார்.

“இதுல உங்கண்ணன்தான் கெட்டிக்காரன். அந்த போன் நம்பர் உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். கேட்டு வச்சுக்கோ.”

அடுப்படியில் பாத்திரம் உருட்டும் சத்தம் சட்டென்று நின்றது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அண்ணன் வேலை செய்த லேத் பட்டறையின் நம்பரைத் தாய்மாமன் எப்போதோ வாயால் சொல்லியிருக்கிறார். அதை மந்திரம் ஒப்பிப்பதுபோல் தடங்கல் இல்லாமல் எனக்குச் சொன்னார். நீங்களும் வாங்க என்றேன். நான் வந்து அழுதேன்னா நீ எங்க கணக்கு கேக்கறது, போயிட்டு வா என்றார்.

சனிக்கிழமை காலை மொரப்பூர் தபாலாபீசுக்குக் கிளம்பினோம். அப்பா முகச்சவரம் செய்து, பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். போனில் முகம் தெரியாது என்பது எனக்கே தெரிந்திருந்தது. பெரியவர்களுக்கு மெஷின் விஷயம் புரியாது என்று விட்டுவிட்டேன். பஸ்ஸில் வழி முழுவதும், கணக்கை மட்டும் கேள், வேறு எதையும் பேசிக்கொண்டிருக்காதே என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பட்டறையில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அதனால் குறிப்பிட்ட ஆளைக் கூப்பிட்டுத் தரும்படி கால் பதிய வேண்டும், அதற்கு ஆள் பெயர் சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா, யார் பேருக்கு என்று கேட்டார். அப்பா சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். குமாஸ்தா மறுபடியும் கேட்டார். நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது அப்பா என் தோளில் கை வைத்துத் தடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் இனிஷியலைச் சேர்த்து, ஞானஸ்நானத்தில் வைத்த முழுப் பெயரையும் சொன்னார். குரல் கட்டியிருந்தது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கால் கிடைக்க மதியம் ஆகிவிட்டது. அதுவரை பக்கத்து ஸ்டேஷனில் வந்துபோன ரயில்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மணி அடித்ததும் குமாஸ்தா எங்களை மரக்கூண்டுக்குள் அனுப்பினார். ஒருவர் நிற்கும் கூண்டு அது. அப்பாவும் நெருக்கிக்கொண்டு உள்ளே வந்து, ரிசீவரின் பின்பக்கத்தில் காதை வைத்தார்.

“யாரு? ஊர்ல யாருக்கு என்ன?” என்று அண்ணன் பதறினான். ஊரிலிருந்து டிரங்க் கால் வந்தால் அந்தக் காலத்தில் சாவு என்றுதான் அர்த்தம்.

ஒன்றுமில்லை, ஒரு கணக்கு என்றேன். கணக்கைப் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஏன் கண்ணு, அப்பா சொல்லித் தரலயா?”

“அப்பாவுக்குத் தெரியலயாம்ண்ணா.”

மறுபடியும் மெஷின் சத்தம். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை அலோ சொன்னேன்.

“சரி, நல்லா கேட்டுக்கோ. ஒரு பேப்பர்ல முக்கோணமா வெட்டிக்கோ. மூணு மூலையவும் கிழி. மூணையும் பக்கத்துல பக்கத்துல சேத்து வச்சுப் பாரு, ஸ்கேல் வச்ச மாதிரி நேரா வரும். நேர் கோடுன்னா நூத்தியெண்பது. அதுல நாப்பதப் போக்கு. மீதியச் சரிபாதியாப் பிரி. எனக்கு அப்பா இப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாரு.”

“அவருக்கு மறந்துபோச்சாம்.”

“ஆமா,” என்றான் அண்ணன். “மறந்திருக்கும்.”

அவன் குரலும் கட்டியிருந்தது. பெங்களூர் குளிர் பிரதேசம்தானே. பிறகு, அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டான். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை இல்லை என்று ஆட்டினார். பொய் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர் இப்படிச் செய்கிறாரே என்று எனக்குத் திக்கென்றது. இல்லண்ணா என்றேன்.

“பரவால்ல. வூட்டுக்குப் போனா சொல்லு. ஞாயித்துக்கெழம தவறாம பூசைக்குப் போறேன்னு சொல்லு.”

நேரம் முடிந்து லைன் அறுந்தது. அப்பா ரிசீவரை என் கையிலிருந்து வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு நின்றார். சரியாகக் கட் ஆகிவிட்டதா என்று பார்க்கிறார்போலும், அவர் எதிலும் கண்டிப்பானவர். குமாஸ்தா கூண்டின் கண்ணாடியைத் தட்டிய பிறகுதான் வைத்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, என்ன சொன்னான் என்று கேட்டார். எழுபது என்றேன். எழுபதா என்று திருப்பிச் சொன்னார். அதில் வேறு ஏதாவது இருக்குமா என்று யோசிப்பவர்போல் கொஞ்ச நேரம் நின்றார்.

அன்று மாலை பேப்பரை வெட்டி, மூலைகளைக் கிழித்து, அப்பாவுக்குப் பாடம் எடுத்தேன். அவர் சின்னப் பிள்ளைபோல் எதிரே உட்கார்ந்து கேட்டார். முடித்ததும், சரியாகப் புரியவில்லை, அண்ணன் சொன்னது சொன்னபடியே இன்னொரு தடவை சொல் என்றார். சொன்னேன். அடுத்து என்ன சொன்னான், அந்த இடத்தில் எப்படிச் சொன்னான் என்று விடாமல் கேட்டார். ஒரு சுலபமான கணக்கு இவர் மண்டையில் ஏறவில்லையே, இவரிடம் படிக்கும் பிள்ளைகள் பாவம் என்று எனக்கு வருத்தமாக இருந்தது. அவருக்கும் சேர்த்து நானே நன்றாகப் படித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

படிக்கவும் செய்தேன். அந்தக் காலாண்டில் கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தேன்.

அண்ணன் பிறகு பட்டறையை விட்டு வடக்கே எங்கோ போய்விட்டான். அம்மா மனப்பாடமாக வைத்திருந்த நம்பரில் அவனைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அப்பா இறந்த செய்தி அவனைத் தேடிப் பிடித்துச் சேர்ந்தபோது கல்லறையில் மண் காய்ந்திருந்தது. வாசலில் வைத்து அனுப்பிய நாளுக்குப் பிறகு அப்பாவும் அவனும் நேருக்கு நேர் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமலேயே முடிந்தது.

ஆனால் அவன் பெங்களூரில் இருந்த அந்த வருடம் முழுவதும், நான் வீட்டுப்பாடம் எழுத உட்காரும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் வந்து நிற்பார். பேனாவைத் திறந்து மூடுவார். பிறகு, “கஷ்டமான கணக்கு ஏதாச்சும் குடுத்திருக்காங்களா, கண்ணு?” என்று கேட்பார்.

தலையைக்கூட நிமிர்த்தாமல், “இல்லப்பா, எல்லாம் எனக்கே தெரியும்” என்பேன்.

நல்லது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். நான் கெட்டிக்காரியாகிவிட்டதில் அப்பாவுக்குச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கணக்கைப் போடுவேன்.