ரோவிலில் ஒரு முற்றுகை

மெல்பர்னின் கிழக்கே, ரோவிலில் என்னை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்த வீட்டின் கராஜில் கான்ஸ்டான்டிநோபிளை முற்றுகையிட்டிருக்கிறார்கள். போர் விளையாட்டு மேசை முழுக்க அட்டை மதில்கள், விரல் உயரச் சிப்பாய்கள். உள்ளே கிழக்கு ரோமப் பேரரசின் கடைசித் தலைநகரம். அதைக் காப்பவர் மன்னாரைச் சேர்ந்த ரீற்றா அன்ரி. வெளியே பீரங்கிகளோடு ஒட்டோமான் சுல்தான், அவருடைய கணவர்.

"நகரம் விழும்னு தெரிஞ்சேதான் ஆடுறீங்களா, ஆன்ட்டி?"

"ஓம் தம்பி. ஆனா சரித்திரத்தில விழுந்த நாளைத் தாண்டி நிண்டால் நான் வெண்ட மாதிரி."

ஆட்டத்தில் அந்த நாள் இதுதான். மதில் ஏற்கெனவே ஓரிடத்தில் உடைந்துவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் நம்பாததால், இந்த வீட்டில் கடைசிப் பகடையை விருந்தாளிதான் உருட்ட வேண்டுமாம். ஆறு விழுந்தால் மட்டுமே நகரம் தப்பும். நான் உருட்டுகிறேன். பகடை மதிலில் மோதித் திரும்பி ஆறில் நிற்கிறது. என்னை மறந்து கத்திவிடுகிறேன்.

சுல்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "நாளைக்கு எப்பிடியும் விழும்."

"நாளைக்குத்தானே," என்று அன்ரி சாய்ந்த மதிலை நிமிர்த்தி வைக்கிறார். "சுல்தானும் தம்பியும் இண்டைக்கு என்ர நகரத்தில சாப்பிட வாங்கோ."