பினாங்குக்குப் போன வீட்டுச் சாமான்கள்

அறுபத்து நாலில் ரங்கூனை விட்டு நானும் என் கணவரும் கப்பலேறியபோது எங்களுக்குத் தமிழ்நாட்டில் வீடோ நிலமோ இல்லை. இரண்டு பேருமே ரங்கூனில் பிறந்து வளர்ந்தவர்கள். அவருக்கு மரம் அறுக்கத் தெரியும் என்பதால் தென்காசியில் ஒரு மரவாடியில் வேலை கிடைத்தது. எனக்குத் தெரிந்தது படமெடுப்பது. ரங்கூனில் ஸ்டுடியோ வைத்திருந்த அப்பாவின் பழைய கேமராவைப் புடவைக்குள் சுற்றி எடுத்து வந்திருந்தேன்.

நெசவுக்காரர்கள் தெரு ஒன்றில் குடியேறினோம். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனாலும் நான் அவர்களுக்கு 'பர்மாக்காரி'. ஒரு பெண் படமெடுப்பாள் என்று யாரும் நம்பவில்லை. எடுக்க ஆள் கிடைக்காததால் வீட்டிலிருந்த பொருள்களை எடுத்தேன். கப்பலில் நசுங்கிய கெட்டில், அதன் பக்கத்தில் தென்காசிச் சந்தையில் வாங்கிய மண்பானை, கொடியில் மரத்தூள் படிந்த கைலி. எதற்கு இதெல்லாம் என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். அங்கிருந்து வந்ததையும் இங்கே வாங்கியதையும் ஒரே வீட்டுச் சாமானாகப் பார்க்க ஆசை என்றேன்.

இரவில் அடுப்படியை இருட்டாக்கிக் கழுவி எடுத்த படங்கள் சாரல் காலத்தில் லேசில் காயாது. ஒருநாள் கொஞ்சம் வெயில் எட்டிப்பார்த்ததும் பின்பக்கம் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் குட்டைச் சுவருக்கு அந்தப்புறம் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். அவள் கணவன் பினாங்கில் ஒரு துணிக்கடையில் இருந்தான். அவன் போன பிறகு பிறந்த மகளுக்கு இப்போது மூன்று வயது. போட்டோ அனுப்பச் சொல்லி ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறானாம். ஸ்டுடியோவில் அந்நிய ஆண் முன்னால் போய் உட்கார இவளுக்கு மனமில்லை.

நானே வீட்டுக்கு வந்து எடுக்கிறேன் என்றேன். அதற்கும் யோசித்தாள்.

"என் மூஞ்சி வேண்டாம்க்கா. அங்க கடையில நாலு பேரு வாங்கிப் பாப்பாக. பிள்ளைய எடுங்க. பெறகு வீட்டுல கெடக்குதத எல்லாம் எடுங்க. நான் எங்கன நிக்கேன், எங்கன இருக்கேன்னு அவுக பாத்துக்கிடட்டும்" என்றாள்.

மறுநாள் காலையில் போனேன். மாமனார் தறியில் இருந்தார். வேலையை நிறுத்தச் சொல்லாதவரை சம்மதம் என்றார். அவருடைய கைகளையும் துணியையும் எடுத்தேன். அடுப்படியில் ஊதுகுழல், கிணற்றடியில் துவைகல், அவள் கடிதம் எழுத உட்காரும் ஜன்னலோரப் பாய், அதன்மேல் மைக்கூடு. மகள் ஓரிடத்தில் நிற்கவில்லை. பாதிப் படங்களில் அவள் பாவாடை நுனியோ, பானைக்குள் விட்ட கையோ வந்து விழுந்தது. வெளிச்சம் ரங்கூன் மழைக்காலத்து வெளிச்சம் போலவே இருந்தது. என் விரல்கள் யோசிக்காமல் கேமராவில் அளவு வைத்தன. வந்த நாளிலிருந்து எனக்கு இருந்த கூச்சம் அந்த வீட்டுக்குள் இல்லை.

படங்களைப் பினாங்குக்கு அனுப்பி இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. சுவரோரம் நின்று எனக்கு வாசித்துக் காட்டினாள். கிணற்றடி முருங்கையைக் காணோமே, வெட்டிவிட்டீர்களா என்று கேட்டிருந்தான். போன வருஷக் காற்றில் விழுந்ததை அவன் வருத்தப்படுவான் என்று இவள் எழுதாமலே இருந்திருக்கிறாள்.

"மறைச்சது தெரிஞ்சுபோச்சுக்கா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

தெருமுனையில் நின்று பார்த்தால் வாசல் எப்படித் தெரியுமோ அதை அடுத்து அனுப்பச் சொல்லியிருந்தான். அதையும் எடுத்தேன்.

அதன் பிறகு பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கொழும்பில் இருப்பவனுக்குப் புதுத் தொட்டில், பினாங்கில் இருப்பவனுக்கு ஓடு மாற்றிய கூரை. பட்டாளத்தில் இருந்த மகனுக்கு வாய்க்காலும் செவலைப் பசுவும் வேண்டுமென்று இலஞ்சியிலிருந்து ஓர் அம்மா ஆள் அனுப்பினாள். அங்கே நான் போனபோது பக்கத்து வீட்டுக்காரியும் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட வந்தாள். வேலை முடிந்ததும் குற்றாலத்துக்கு நடந்தோம். அருவியில் அன்று கூட்டம் குறைவு. குளித்துவிட்டு வந்தபோது இன்னும் ஒரு படத்துக்கு ஃபிலிம் மிச்சமிருந்தது. பாறையில் கழற்றிப்போட்ட எங்கள் மூன்று ஜோடிச் செருப்புகளை எடுத்தேன். அந்தப் படத்தை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

அடுத்த வருஷம் பினாங்கிலிருந்து அவள் கணவன் ஊருக்கு வந்தான். மகள் முதல் இரண்டு நாள் தறிக்குப் பின்னாலேயே ஒளிந்திருந்தாளாம். மூன்றாம் நாள் அவன் தோளில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவை என் கணவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான். பிறகு இருவரும் மழையைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மாதமே என் கணவர் மரவாடியில் கழித்த பலகைகளைக் கொண்டுவந்து, பின்பக்கம் எனக்குப் படம் கழுவ ஓர் இருட்டறை அடித்துக் கொடுத்தார். ஓர் ஆள்தான் நிற்கலாம். தேக்கு வாசமும் மருந்து வாசமும் கலந்திருக்கும். உள்ளே நான் வேலையாக இருக்கும்போது யார் வந்து கேட்டாலும், கதவைத் திறக்கவிடாமல் வெளியே நின்று பதில் சொல்லும் பொறுப்பை அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்துக்கொண்டாள்.